விரலை எடுக்கும் வரை

ஓடும்போது எப்படியோ ஓடிவிடுகிறது.
நின்றால்தான் நின்றுவிடுகிறது.

தெற்குவாசல் பாலத்தில் இரண்டாம் கியரில்
கால் ஒடிந்த ஆடு மாதிரியாவது ஏறுகிற வண்டி,
இறங்கிக் கிளட்சை மிதித்ததும்
ஒரு விக்கல், இரண்டு உதறல்,
அப்புறம் ரேடியோ மட்டும் பேசிக்கொண்டிருக்கும்.
கோரிப்பாளையம் சிக்னலில் நேற்று மூன்று தடவை.
பின்னால் மாட்டுத்தாவணி பஸ்காரர்
ஆரனிலேயே என் பரம்பரையை விசாரித்தார்.

போன ஞாயிறு வரை இப்படி இல்லை.
போன ஞாயிறுதான் நான் சரிசெய்தேன்.

வில்லாபுரத்தில் வீட்டு வாசலில் பழைய போர்வையை விரித்து
பிளக் நாலும் மாற்றி, த்ராட்டிலைக் கழற்றித் துடைத்து,
ஜின்னா பாய் கேட்ட இரண்டாயிரத்து நானூறை
மிச்சம் பிடித்தேன்.
கூடவே மிச்சமானது ஒரு கிளிப்,
மோதிரம் போல, சுண்டுவிரலுக்குச் சிறியது.
கம்பெனிக்காரன் கூடுதலாகப் போட்டிருப்பான் என்று
எனக்கே சொல்லி, சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டேன்.

"கொண்டு வாங்கம்மா, பாப்போம்" என்கிறார் பாய் போனில்.
கொண்டுவர முடியாததுதான் பாய் வியாதியே.

எதிர்வீட்டு பாக்கியநாதன் பெட்ரோலில் தண்ணி என்றார்.
அயர்ன் வண்டி சுந்தரவள்ளி பூசணிக்காய் உடைக்கச் சொன்னாள்.
வித்துவிடு என்றான் தம்பி.
அவன் எதற்கும் அதைத்தான் சொல்வான்.

நான் ரத்தம் பார்க்கிறவள்.
பெரியாஸ்பத்திரி லேபில் பதினோரு வருஷம்.
ஆளைக் கேட்டு எழுதுவதில்லை,
குழாயைப் பார்த்துத்தான்.

ஆக்ஸிலேட்டரில் அரைச் செங்கல் வைத்துவிட்டு
சைலன்சர் வாயில் உள்ளங்கையைக் காட்டினேன்.
புஃப் புஃப் புஃப், ஒரு பள்ளம்.
புஃப் புஃப் புஃப், ஒரு பள்ளம்.

ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
அவை பற்றிக்கொள்ளும் வரிசை அது.
லேப் கையுறை இரண்டு ஜோடி மாட்டி
ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.
ஒன்றைப் பிடுங்கியதும் முனகியது. திரும்ப மாட்டினேன்.
இரண்டுக்கு உடம்பே குலுங்கியது
(எனக்கும், தோள்பட்டை வரை.)
நான்குக்கும் அதே முனகல்.
மூன்றைப் பிடுங்கினேன்.
ஒன்றும் ஆகவில்லை.

எடுத்தாலும் ஓசை மாறாதது எதுவோ
அதுதான் வேலை செய்யாதது.

சித்திரையில் ஒன்பது நாள் லீவு முடிந்து போனபோது
"நீங்க இல்லாததே தெரியலக்கா" என்றாள் ரேச்சல்.
பாராட்டாகத்தான்.
ஒயரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

மூன்றாம் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில்
முடி விழுந்த மாதிரி ஒரு கீறல்.
"இன்னும் கொஞ்சம்" என்று ஸ்பானரைச் சாய்த்து இறுக்கிய கை
நினைவிருக்கிறது.
அந்த இடத்துக்குப் பழைய பிளக்கே திரும்பி வந்தது.
பள்ளம் தூர்ந்தது.

செங்கல்லை எடுத்தேன்.
அரை நிமிஷம் தள்ளாடி, நின்றது.

மறுபடி முடுக்கி, அது சாவதற்குள்
ரப்பர் குழாயின் ஒரு முனை என் காதில், மறுமுனை எஞ்சினுக்குள்.
இங்கே இல்லை. இங்கேயும் இல்லை. நின்றது.
மறுபடி.
இட்லிக் கொப்பரை மூடி விலகியதுபோல் ஸ்ஸ்ஸ்.
த்ராட்டிலுக்கு அடியில், கை புகாத இடத்தில்
மேல்குழாய் கழன்ற ஒரு மூக்கு
வில்லாபுரத்துப் புழுதியையெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

விரலால் அடைத்தேன்.
பிடித்து உள்ளே இழுத்தது.
எஞ்சின் அடங்கிச் சீராகி,
பேட்டரி மேல் வைத்த டீயில்
வளையங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

கழன்ற குழாய் இடப்பக்கம், எட்டாத தூரத்தில்.
கிளிப் சாவிக்கொத்தில். சாவி வண்டியில்.
விரலை எடுத்தால் நின்றுவிடும்.

தெருவை அடைத்துக்கொண்டு தண்ணி லாரி.
"அக்கா, ஸ்டார்ட்லதான இருக்கு, எடுங்க."

"இருக்குப்பா" என்கிறேன்,
நிமிராமல்.